ஞாயிற்றுக்கிழமை பாதிச் சமையல்: வேலைக்குப் போகிற சேலத்து வீடுகளுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கு, மாமியார் வீட்டில். காலை ஏழே முக்காலுக்குள் நான்கு டிபன் பாக்ஸ் மூடியாக வேண்டும். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் அந்தந்தப் பருவத்துக் காயை மொத்தமாக வாங்கி, வாரத்துக்கு வேண்டிய வேலையில் பாதியை அன்றே முடித்து விடுகிறேன். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போதும் பள்ளி வாசலிலும் இதைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

ஞாயித்துக்கிழமையே ஏழு நாள் குழம்பையும் வச்சு ஃபிரிட்ஜில் அடுக்கிடுறதா? எங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்க.

எங்கள் வீட்டிலும் தொட மாட்டார்கள். முதல் மாதம் நான் அப்படித்தான் செய்தேன். புதன்கிழமை சாம்பாரைச் சூடு பண்ணியபோது பிள்ளைகள் வாசனையிலேயே கண்டுபிடித்து விட்டார்கள். அதற்கப்புறம்தான் பாதி வழியில் நிறுத்தப் பழகினேன்.

வார நாளில் நேரத்தைத் தின்பது உரிப்பது, நறுக்குவது, வதக்குவது, வேக வைப்பது, அரைப்பது. இவற்றை ஞாயிற்றுக்கிழமை முடித்து விடுங்கள். தாளிப்பு, தேங்காய், கொத்தமல்லி, கடைசிக் கொதி எல்லாம் அன்றன்றைக்கு. சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கிய விழுதும் வேக வைத்த பருப்பும் டப்பாவில் இருந்தால் சாம்பார் இருபது நிமிஷத்தில் இறங்கிவிடும். சாப்பிடுகிறவருக்கு அது அன்று வைத்த சாம்பார்தான், ஏனென்றால் தாளித்த வாசனை அன்றையது.

பட்டியல் போட்டுக்கிட்டுச் சந்தைக்குப் போகணுமா?

வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து மெனு எழுதிக்கொண்டு போனால் அன்று விலை ஏறிய காயைத்தான் தேடிக்கொண்டிருப்போம். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டி, அம்மாபேட்டை என்று எந்த உழவர் சந்தையானாலும் அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் எதுவும் வாங்காமல் ஒரு சுற்று நடந்து வாருங்கள். எந்தக் காய் கடைக்குக் கடை குவிந்து கிடக்கிறதோ அதுதான் அந்த வாரத்துப் பருவக் காய்.

குவிந்திருப்பதில் இரண்டை மட்டும் மொத்தமாக எடுங்கள். மூன்றாவதைத் தொட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில்தான். மற்ற காய்களை அரைக் கிலோ, கால் கிலோ என்று வழக்கம்போல வாங்கினால் போதும். காலை ஆறு, ஆறரைக்குள் போய்விடுங்கள். எட்டு மணிக்குமேல் நல்ல காய் இருக்காது.

எந்த மாசம் எதை மொத்தமா வாங்கலாம்?

தை, மாசிதான் கை நிறைய வேலை இருக்கிற மாதங்கள். மொச்சை, அவரை, பச்சைத் துவரை எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். பெருநெல்லியும் அப்போது கிடைக்கும். பெரும்பாலான வருஷங்களில் தக்காளி விலை சரிவதும் இந்தச் சமயத்தில்தான். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். கொட்டை எடுத்து, உப்புத் தூவி ஜாடியில் அடைத்து விட்டால் வருஷத்துக்கும் கவலை இல்லை.

சித்திரை, வைகாசியில் சேலத்தில் எல்லாரும் மல்கோவா, இமாம் பசந்த், குண்டு என்று பழத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அடுப்படிக்கு வேண்டியது காய். கிளிமூக்கு மாங்காயைத் துருவித் தொக்கு போடலாம், வெல்லப் பச்சடிக்கு வதக்கி வைக்கலாம். முருங்கைக்காயும் மலிந்திருக்கும். நான் இரண்டு கிலோவை வேக வைத்து, பிளந்து, கரண்டிக் காம்பால் சதையை வழித்து ஐஸ் தட்டில் உறைய வைப்பேன். உறைந்ததும் கட்டிகளை டப்பாவுக்கு மாற்றிவிட்டால் சாம்பாருக்கு இரண்டு கட்டி போதும். முருங்கையைச் சப்பத் தெரியாத சின்னப் பிள்ளைகளும் சாப்பிட்டு விடுவார்கள். வெயில் கொளுத்துகிற மாதங்கள் என்பதால் சுண்டை, கொத்தவரை, மோர் மிளகாய் வற்றலும் வடாமும் அப்போதே.

ஆடியிலிருந்து புரட்டாசி வரை சுரை, பீர்க்கு, புடலை, வெண்டை. முதல் மூன்றும் தண்ணீர்க் காய்கள், சமைத்து வைத்தால் கூழாகிவிடும். வெண்டை வழுவழுத்துப் போகும். இவற்றை மொத்தமாக வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் விலை ஏறும்போது வெயிலில் போட்ட வற்றலின் அருமை தெரியும்.

ஏற்காட்டுக்குப் போனா என்ன வாங்கிட்டு வரலாம்?

மிளகு. அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் ஒரு வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி, இரண்டு வெயில் காட்டி வையுங்கள். சௌசௌ வெளியிலேயே ஒரு வாரம் தாங்கும். கோடையில் பலா வாங்கினால் சுளையைப் பிள்ளைகள் முடித்து விடுவார்கள். கொட்டையைக் காய வைத்துப் பொரியலுக்கும் குருமாவுக்கும் எடுத்து வையுங்கள். பட்டர் ஃப்ரூட்டை மசித்து எலுமிச்சைச் சாறு பிழிந்து ஃப்ரீசரில் வைக்கலாம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் நசுங்காமல் இறங்க வேண்டுமானால் காயாகவே வாங்குங்கள், வீட்டில் பழுக்கும்.

நாள் பூரா அடுப்படியிலேயே நிக்கணுமா?

மூன்று மணி நேரம், அதற்குமேல் வேண்டாம். சந்தையிலிருந்து வந்ததும் குக்கரில் அரைக் கிலோ துவரம் பருப்பு, பக்கத்து அடுப்பில் பெரிய வாணலியில் அன்றைய தொக்கு. அவை வேகிற நேரத்தில் உரிக்க வேண்டியதை உரித்து விடலாம். இரண்டாவது மணியில் சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கி, ஆறியதும் மிக்ஸியில் அரைப்பேன். கடைசியில் டப்பாவில் போட்டுத் தேதி எழுதுவது. இட்லி மாவு மாமியார் பொறுப்பு, சனிக்கிழமை இரவே ஆட்டி விடுவார்கள்.

தக்காளித் தொக்கு எனக்கு மட்டும் பத்து நாள்ல பூஞ்சை பிடிக்குது. என்ன தப்பு பண்றேன்?

முக்கால்வாசிப் பேர் சீக்கிரம் இறக்கி விடுகிறார்கள். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது போகாமல் தொக்கு நிற்காது. ஐந்து கிலோ நாட்டுத் தக்காளிக்கு 150 கிராம் புளி, 100 கிராம் மிளகாய்த்தூள், 125 கிராம் கல் உப்பு, 400 மில்லி நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி என்பது என் கணக்கு. தக்காளியைக் கழுவித் துணியில் துடைத்து, புளியோடு சேர்த்து எண்ணெய் இல்லாமலே வேக விட்டு, ஆற வைத்து அரைத்து, மறுபடி அடுப்பில் ஏற்றுவேன்.

முதல் அரை மணி நேரம் கொப்பளித்துக் கொப்பளித்துத் தெறிக்கும், தட்டை ஒருக்களித்து மூடுங்கள். அப்புறம் தெறிப்பது நின்று, கொதிக்கிற சத்தம் கனத்துவிடும். அந்தச் சமயத்தில் பாதி எண்ணெயை ஊற்றி, மிளகாய்த்தூளும் உப்பும் போட்டுக் கிளறுங்கள். கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சரிந்து வந்து கோடு மூடினால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கோடு அப்படியே நின்று, வாணலியின் அடி தெரிந்து, ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் கசிந்தால் பதம். மீதி எண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டி, வெந்தயப் பொடி தூவி இறக்குங்கள். ஐந்து கிலோ ஒன்றரைக் கிலோ அளவுக்குச் சுண்டியிருக்கும்.

இன்னொரு காரணம் ஈரக் கரண்டி. பெரிய பாட்டில் ஒன்றைத் தினமும் திறப்பதைவிட நான்கு சின்னப் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறங்கள். எனக்கு ஒன்றரை மாதம் வரை நன்றாக இருந்திருக்கிறது. பூஞ்சை தெரிந்தால் மேலாக எடுத்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிட வேண்டாம், மொத்தத்தையும் கொட்டி விடுங்கள்.

மொச்சையை உரிச்சு அப்படியே ஃப்ரீசர்ல போட்டேன். ரெண்டு மாசத்துல நிறமும் போச்சு, ருசியும் போச்சு.

கொதி தண்ணீர் காட்டாமல் போட்டதுதான் காரணம். காய்க்குள் இருக்கிற நொதிகள் குளிரில் மெதுவாகுமே தவிர நிற்காது. அவற்றை நிறுத்தச் சூடு வேண்டும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மொச்சையைப் போட்டு, மறுகொதி வந்ததிலிருந்து இரண்டு, மூன்று நிமிஷம். உடனே வடித்து ஐஸ் தண்ணீரில் கொட்டுங்கள். ஆறியதும் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். நான்கு மணி நேரத்தில் கல் மாதிரி ஆகிவிடும், அப்போது பையில் அள்ளிப் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்துக் கட்டுங்கள். கட்டி பிடிக்காமல் வேண்டிய அளவு கையால் எடுக்கலாம். பட்டாணிக்கும் பச்சைத் துவரைக்கும் இதே முறை, பட்டாணிக்கு ஒன்றரை நிமிஷம் போதும்.

பிதுக்குப் பருப்பு வேண்டுமானால் மொச்சையை இரவு ஊற வைத்து, காலையில் பிதுக்கி, அதன்பின் கொதி தண்ணீரில் ஒரு நிமிஷம் காட்டி உறைய வையுங்கள். வேலை அதிகம்தான். ஆனால் ஆடி மாதம் ஒரு நாள் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கும்போது வீடு முழுக்கத் தை மாத வாசனை வரும், அதற்காகவே நான் ஒவ்வொரு வருஷமும் செய்கிறேன்.

ஃபிரிட்ஜ்ல எது எத்தனை நாள் தாங்கும்?

தொக்கைத் தவிர, சமைத்த எதுவானாலும் மூன்று நாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். வேக வைத்த பருப்பு, வதக்கி அரைத்த விழுது, வேக வைத்த கொள்ளு எல்லாம் அந்தக் கணக்குதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை செய்ததில் புதன் வரைக்கும் உள்ளதை ஃபிரிட்ஜிலும், வியாழன், வெள்ளிக்கு உள்ளதை ஃப்ரீசரிலும் வைக்க வேண்டும். தேங்காய் சேர்ந்தது எதுவும் அடுத்த நாளைத் தாண்ட வேண்டாம். ஃபிரிட்ஜ் உள்ளே 4 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு சின்ன வெப்பமானி வாங்கி உள்ளே வைத்துப் பாருங்கள், கோடையில் பல வீட்டு ஃபிரிட்ஜ் 8, 10 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும்.

உருளைக்கிழங்கை மட்டும் உறைய வைக்காதீர்கள், உருகும்போது மணல் மணலாகிவிடும்.

ஆறட்டும்னு ராத்திரி வரைக்கும் வெளியே வச்சிருப்பேன். சூடா வச்சா ஃபிரிட்ஜ் கெட்டுடும்னு சொல்றாங்களே?

கொதிக்கக் கொதிக்க வைக்க வேண்டாம், ஆனால் இரவு வரைக்கும் காத்திருப்பது அதைவிட மோசம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்த நிலையில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. சேலத்துச் சித்திரை வெயிலில் அடுப்படியே 35 டிகிரிக்கு மேல் இருக்கும், அப்போது ஒரு மணி நேரம்தான்.

சீக்கிரம் ஆற வைக்க, ஆழமான குண்டாவிலிருந்து அகலத் தட்டுக்கு மாற்றுங்கள். அந்தத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்துக் கிளறி விட்டால் கால் மணி நேரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். அப்புறம் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு உள்ளே வைக்கலாம். எடுக்கும்போது ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதி வரும் வரை சூடாக்குங்கள். மிஞ்சியதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

எதுல போட்டு வைக்கிறது?

எவர்சில்வர் டப்பா. ஃப்ரீசருக்கும் அதுவே சரி, மேலே ஒரு விரல் அளவு இடம் விடுங்கள். சூடாக எதையும் பிளாஸ்டிக்கில் ஊற்ற வேண்டாம். தேதி எழுத ஒட்டுத் தாள் கட்டாயம், நினைவை நம்பாதீர்கள்.

சாதத்தையும் மொத்தமா வடிச்சு வைக்கலாமா? பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவங்கதானே நாம?

சாதம் வேண்டாம் என்பது என் உறுதியான பதில். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், அவை வெந்தாலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. பழைய சோறு வேறு விஷயம். தண்ணீர் ஊற்றி ஒரே இரவு புளிக்க விட்டு, காலையில் முடித்து விடுகிறோம். அதை வைத்து மூன்று நாள் சாதத்துக்கு நியாயம் சொல்ல முடியாது.

சாதத்தைவிடச் சாதத்துக்கான பொட்டலம் நல்லது. அரிசிம்பருப்பு சாதத்துக்கு ஐந்து பேருக்கு இரண்டரை டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் துவரம் பருப்பு, நான்கு வர மிளகாய், சின்னப் பொட்டலத்தில் சீரகமும் மஞ்சள்தூளும், எல்லாம் காய்ந்தபடியே ஒரு டப்பாவில். காலையில் மிளகாயையும் பொட்டலத்தையும் எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கழுவி, சின்ன வெங்காயமும் பூண்டும் அந்த மிளகாயும் சீரகமும் தாளித்து, மஞ்சள்தூள் போட்டுக் குக்கரை மூடினால் முடிந்தது. எங்கள் வீட்டில் எப்போதும் மூன்று டப்பா தயாராக இருக்கும்.

கீரை?

ஆய்ந்து, கழுவாமல், துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம், அவ்வளவுதான். கடைந்த கீரையை வைக்க வேண்டாம். கீரையில் இயல்பாகவே நைட்ரேட் அதிகம். சமைத்துக் கிடக்கும்போது கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும், சின்னக் குழந்தைகளுக்கு அது ஆகாது.

மரவள்ளிக் கிழங்கு மலிவா கிடைச்சா மூட்டையா வாங்கலாமா?

நம் ஊருக்கு அதுதான் அடையாளம், அந்தக் கிழங்கில் செய்கிற சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் தோண்டிய கிழங்கு இரண்டு, மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடிக் கெட்டுவிடும். அன்றே தோலும் உள்தோலும் உரித்துத் துண்டாக்கி ஃப்ரீசரில் போட்டால் மாதக் கணக்கில் இருக்கும். சமைக்கும்போது நிறையத் தண்ணீரில், மூடாமல் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி விடுங்கள். கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள் உண்டு, உரிப்பதும் வடிப்பதும் அதற்காகத்தான். கசந்தால் துப்பி விடுங்கள், ஆலைக்குப் போகிற ரகமாக இருக்கலாம்.

மாசா மாசம் பராமரிப்புன்னு காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் கரண்ட் இல்ல. உள்ள வச்சதெல்லாம் என்ன ஆகும்?

திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்திருக்கிற தனி ஃப்ரீசர் இரண்டு நாளும், பாதி நிறைந்தது ஒரு நாளும் தாங்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல் பெட்டியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மின்தடை அறிவிப்பு முந்தின நாளே செய்தித்தாளில் வந்துவிடும். அன்று இரவே தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை உறைய வைத்து, காலையில் கீழ்த் தட்டில் பருப்பு, விழுது டப்பாக்களைச் சுற்றி அடுக்கி விடுங்கள்.

ஊருக்குப் போவதாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் ஐஸ் உறைய வைத்து மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், உள்ளே இருப்பதைக் கொட்டி விடுங்கள். என் தங்கை அப்படிக் கொட்டியதில் நஷ்டம் அரைக் கிலோ மொச்சை, மருத்துவச் செலவை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை.

பூண்டை எண்ணெயில் வதக்கி, எண்ணெய் மிதக்க மிதக்கப் பாட்டில்ல ஊத்தி வெளியவே வச்சிருக்கேன். எண்ணெய் இருந்தா கெடாதுன்னு சொன்னாங்க.

தயவுசெய்து அதை இன்றே கொட்டி விடுங்கள். க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்து மண்ணில் இருக்கும், மண்ணுக்குள் விளைகிற பூண்டோடு வரும். காற்றுப் படாத, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் அது நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். எண்ணெய்க்கு அடியில் கிடக்கிற பூண்டு அதற்கு ஏற்ற இடம். நாற்றமோ ருசி மாற்றமோ தெரியாமலும் இருக்கலாம். தக்காளித் தொக்கில் தக்காளியும் புளியும் உப்பும் காவல் இருக்கின்றன, வெறும் பூண்டு எண்ணெயில் எதுவும் இல்லை. பூண்டுத் தொக்கு ஆசையென்றால் புளி தாராளமாகச் சேர்த்து, தொக்குக்குச் சொன்ன கோடு நிற்கிற பதம் வரை சுண்ட வைத்து, ஃபிரிட்ஜில் மட்டும் வையுங்கள்.

எங்க மாமியார், பழசு சாப்பிட்டா உடம்புக்கு ஆகாதுன்னு டப்பாவைத் திறக்கவே விட மாட்டேங்கிறாங்க. எப்படிப் புரிய வைக்கிறது?

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் சமைத்ததை வைத்துச் சாப்பிட்டு அவதிப்பட்டவர்களைப் பார்த்து வந்த பேச்சு அது. அதனால் எதிர்த்துப் பேச வேண்டாம். சித்திரை வெயிலில் வடாம் பிழிந்தவரும், மாசியில் புளி அடைத்தவரும், பருப்புப் பொடி இடித்து வைத்தவரும் அவர்தானே? பருவத்தில் சேர்த்து வைக்கிற கலை அவர் கையில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் நான் அத்தையிடம், "சுண்டை வத்தலுக்கு எத்தனை நாள் வெயில் காட்டணும் அத்தை?" என்று கேட்டதில் ஆரம்பித்தது. இப்போது தொக்குக்குப் பதம் பார்ப்பது அவர்தான், கோடு இழுக்காமலே கொதிக்கிற சத்தத்தில் சொல்லி விடுவார். அவருக்கு மட்டும் பருப்பைத் தினமும் தனியாக வேக வைக்கிறோம். ஒரு சின்ன கிண்ணம் குக்கருக்குள் இடம் பிடித்துக்கொள்ளும், அது எங்களுக்குப் பாரமே இல்லை.

இவ்வளவையும் நான் ஒருத்தியே செய்யணுமா?

கூடாது. வாரத்தின் சுமை எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே ஆள் தலையில் ஏற்றினால் மூன்றாவது வாரமே விட்டு விடுவீர்கள். அடுப்புப் பக்கம் வராதவர்கள்கூட உரிக்கலாம், துடைக்கலாம், தேதி எழுதலாம். எங்கள் வீட்டில் சந்தைப் பையைத் தூக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் கணவர். தை மாதம் கூடத்தில் செய்தித்தாள் விரித்து மொச்சைக் குவியலைச் சுற்றி ஐந்து பேரும் உட்கார்ந்து விடுவோம். இரண்டு கிலோ உரித்து முடிய முக்கால் மணி நேரம். சின்னவன் புழு இருக்கிற காயை மட்டும் தேடித் தனியாக எடுத்து வைப்பான்.

ஒரு ஞாயிறு முடியலேன்னா அந்த வாரம் என்ன பண்றது?

அதற்கென்று ஒரு அலமாரித் தட்டு வைத்திருங்கள். சுண்டை வற்றல், புளி, பருப்புப் பொடி, வறுத்த கொள்ளு, மிளகு, மேலே சொன்ன அரிசிம்பருப்பு டப்பா மூன்று. வற்றல் குழம்பு இரண்டு நாள், பருப்புப் பொடியும் நெய்யும் ஒரு நாள், கொள்ளு ரசம் ஒரு நாள், மீதி மூன்று நாள் அரிசிம்பருப்பு. அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போனதும் காயை விட்டுவிட்டு முதலில் அந்தத் தட்டில் தீர்ந்ததை வாங்குங்கள்.